கல்லூரியில் இடம் கிடைத்தாயிற்று, தங்க இடம்? முதலாமாண்டு மாணவர்கள் விடுதியைத் தேர்வு செய்வது எப்படி

உயர்கல்விச் சேர்க்கைக் காலத்தில் மதிப்பெண், பாடப்பிரிவு, கல்லூரியின் தரவரிசை ஆகியவை குறித்து வீடுகளில் வாரக்கணக்கில் பேசப்படுகிறது. ஆனால், மாணவர் எங்கே தங்கிப் படிப்பார் என்ற கேள்வி பெரும்பாலும் சேர்க்கைக் கட்டணத்தைச் செலுத்திய பிறகே எழுகிறது. டெல்லி, கொல்கத்தா, மும்பை, ஹைதராபாத் போன்ற நகரங்களுக்குத் தொலைவிலிருந்து படிக்கச் செல்லும் மாணவர்களுக்கு இந்தத் தாமதம் பெரும் சிக்கலை உண்டாக்குகிறது. குறிப்பாக, விடுதி கிடைக்கவில்லை என்பதற்காகவே கிடைத்த இடத்தைக் கைவிடும் நிலை பல குடும்பங்களில் பெண் பிள்ளைகளுக்கு ஏற்படுகிறது.

விடுதி என்பது உறங்குவதற்கான அறை மட்டுமன்று. முதல் ஆண்டில் மாணவர் நோயுற்றால் யாரை அழைப்பது, மூத்த மாணவர்கள் தொல்லை தந்தால் யாரிடம் முறையிடுவது, இரவு உணவு எங்கே கிடைக்கும் என்பவற்றை எல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. எனவே, எந்த விடுதியில் வசதிகள் அதிகம் என்பதைக் காட்டிலும், எந்த விடுதியில் பொறுப்பேற்று விடையளிக்க ஒருவர் இருக்கிறார் என்பதே முதலாமாண்டு மாணவருக்கு முதன்மையான கேள்வியாகும். அதை அறிந்துகொள்ளும் வழிமுறைகளை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

சேர்க்கை வேறு, விடுதி ஒதுக்கீடு வேறு

கல்லூரியில் இடம் கிடைத்தால் விடுதியிலும் இடம் உறுதி எனப் பலர் கருதுகின்றனர். இது எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தாது. இந்தியாவில் விடுதி ஒதுக்கீடு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது.

ஐஐடி போன்ற உறைவிடக் கல்வி நிறுவனங்களில் இளநிலை மாணவர்கள் பெரும்பாலும் அனைவருக்கும் வளாகத்துக்குள்ளேயே இடம் தரப்படுகிறது. இங்கு எந்த விடுதி, எந்த அறை என்பதை நிர்வாகமே முடிவு செய்கிறது. முதலாமாண்டு மாணவர் தேர்வு செய்ய வாய்ப்புக் குறைவு. ஆனால், தங்க இடமின்றி அலைய வேண்டிய நிலையும் இல்லை.

அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் 'ஹால்' முறை நடைமுறையில் உள்ளது. ஒரு ஹாலின் கீழ் பல விடுதிகள் இயங்குகின்றன. ஹாலுக்கு 'புரோவோஸ்ட்' எனப்படும் தலைமைக் காப்பாளரும், அதன் விடுதிகளுக்கு வார்டன்களும் பொறுப்பு வகிக்கின்றனர்.

டெல்லி பல்கலைக்கழகத்தின் நிலை முற்றிலும் வேறானது. அங்கு இளநிலைச் சேர்க்கை சியுஇடி பொது நுழைவுத் தேர்வின் அடிப்படையில் மையப்படுத்தப்பட்ட முறையில் நடைபெற்றாலும், விடுதி ஒதுக்கீட்டை அந்தந்தக் கல்லூரியே தனியாக நடத்துகிறது. பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் ஒரு பகுதிக்கு மட்டுமே விடுதி உண்டு. மிராண்டா ஹவுஸ், லேடி ஸ்ரீராம், இந்து கல்லூரி, செயின்ட் ஸ்டீபன்ஸ், ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி போன்றவை விடுதி வசதி கொண்டவை. அங்கும் இடங்கள் குறைவு என்பதால் தகுதிப் பட்டியல் அடிப்படையில் தனி விண்ணப்பம் பெறப்படுகிறது. ஆகவே, ஒரே பாடப்பிரிவுக்கு இரண்டு கல்லூரிகளை விருப்ப வரிசையில் வைக்கும்போது, எந்தக் கல்லூரியில் விடுதி உள்ளது என்பதையும் கணக்கில் கொள்வது நல்லது. வரிசையைப் பூட்டிய பிறகு அந்த வாய்ப்பு இல்லாமல் போகும்.

வடமாநிலக் கல்லூரி விடுதிகள் பலவற்றில், குறிப்பாக மகளிர் விடுதிகளில், அதே நகரில் வசிக்கும் 'உள்ளூர்ப் பாதுகாவலர்' ஒருவரின் பெயரையும் முகவரியையும் கேட்கின்றனர். வெளியில் தங்கச் செல்ல அனுமதி, அவசர மருத்துவச் சிகிச்சை ஆகியவற்றில் அவருடைய ஒப்புதலும் தேவைப்படலாம். உறவினரோ நம்பகமான குடும்ப நண்பரோ அந்த நகரில் இருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே அவருடைய இசைவைப் பெற்றுவிட வேண்டும். கடைசி நாளில் தேடுவது கடினம்.

பெயரையும் புகழையும் நம்பலாமா?

ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக விடுதிகள் கங்கா, சபர்மதி, ஜீலம், காவேரி, பெரியார் என நதிகளின் பெயரைத் தாங்கியவை. அங்குள்ள பெரியார் விடுதி கேரளத்தின் பெரியாறு நதியைக் குறிப்பது, தலைவரின் பெயரன்று. டெல்லி ஐஐடி விடுதிகளுக்கு ஆரவல்லி, நீலகிரி, காரகோரம், கைலாஷ் என மலைகளின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. காரக்பூர் ஐஐடியில் நேரு, படேல், ஆசாத் எனத் தலைவர்களின் பெயர்கள் உள்ளன. மும்பை ஐஐடியில் எண்களே பெயர்கள்.

ஒவ்வொரு விடுதிக்கும் முன்னாள் மாணவர்கள் ஒரு புகழைச் சொல்வார்கள். ஒன்று விளையாட்டில் சிறந்தது, மற்றொன்றில் கலைநிகழ்ச்சிகள் அதிகம், வேறொன்றில் உணவு நன்றாக இருக்கும் என்பார்கள். இவை பயனற்ற செய்திகள் அல்ல. ஆயினும், அவை சொன்னவர் தங்கியிருந்த காலத்துக்கு உரியவை. வார்டனும் மெஸ் ஒப்பந்ததாரரும் மாறியவுடன் ஒரு விடுதியின் நிலையே மாறிவிடும். அங்கு தற்போது இரண்டாம் ஆண்டில் தங்கியிருக்கும் மாணவர் சொல்வதே நம்பத்தக்கது. மாநில மாணவர் அமைப்புகள், ஒரே பள்ளியில் படித்த மூத்தவர்கள் வழியாக அத்தகைய ஒருவரிடம் பத்து நிமிடம் பேசுவது, இணையத்தில் ஒரு நாள் முழுவதும் தேடுவதைவிடப் பயன் தரும்.

எவற்றைக் கேட்டறிய வேண்டும்?

முதலாவது, தொலைவு. விடுதியிலிருந்து வகுப்பறைக்கும் நூலகத்துக்கும் நடந்து செல்ல முடியுமா என்று பார்க்க வேண்டும். பெரிய வளாகங்களில் விடுதிக்கும் துறைக்கும் இடையே இரண்டு, மூன்று கிலோமீட்டர் இருப்பது இயல்பு. அங்கே மிதிவண்டியோ வளாகப் பேருந்தோ தேவைப்படும். இரவு நூலகத்திலிருந்து திரும்பும் பாதையில் விளக்குகள் உள்ளனவா என்பது மாணவியருக்கு மட்டுமன்றி அனைவருக்கும் முக்கியம்.

இரண்டாவது, அறையைப் பகிர்வது. முதலாமாண்டில் தனி அறை கிடைப்பது அரிது. இருவர் அல்லது மூவர் தங்கும் அறையே பெரும்பாலும் ஒதுக்கப்படும். புது ஊருக்கும் புது மொழிக்கும் வந்திருக்கும் மாணவருக்கு இது குறையாக அமைய வேண்டியதில்லை. காய்ச்சல் வந்தால் முதலில் கவனிப்பவர் அறைத்தோழரே. அறைத்தோழருடன் ஒத்துப்போகாவிட்டால் அறை மாற்றிக்கொள்ள விதி உண்டா, எத்தனை மாதங்களுக்குப் பின் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, உணவு. மெஸ் கட்டணத்தில் இரு முறைகள் உண்டு. சில இடங்களில் பருவத்துக்கு ஒரு நிலையான தொகை வாங்கப்படுகிறது. வேறு சில இடங்களில் மாதச் செலவு முழுவதையும் மாணவர்களிடையே பங்கிட்டு வசூலிக்கின்றனர். ஊருக்குச் சென்ற நாட்களுக்குக் கழிவு தரப்படுமா, அதற்கு எத்தனை நாட்களுக்கு முன் எழுதித் தர வேண்டும் என்பதை அறிந்தால் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். சைவம், அசைவம் குறித்த நடைமுறையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். 2023-ஆம் ஆண்டு மும்பை ஐஐடியின் விடுதி உணவகம் ஒன்றில் சில மேசைகள் சைவ உணவுக்கென ஒதுக்கப்பட்டது நாடு தழுவிய விவாதமானது. உணவுப் பழக்கத்தில் விட்டுக்கொடுக்க இயலாதவர்கள், அசைவம் வாரத்தில் எத்தனை நாள் வழங்கப்படுகிறது, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மாற்று உண்டா என்பதைச் சேரும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

நான்காவது, தட்பவெப்பம். தென்மாநிலங்களிலிருந்து செல்வோர் வடஇந்தியக் குளிரைக் குறைத்து மதிப்பிடுகின்றனர். டிசம்பர், ஜனவரியில் வெந்நீர் எந்த நேரத்தில் கிடைக்கும், அறையில் ஹீட்டர் பயன்படுத்த அனுமதி உண்டா என்று கேட்க வேண்டும். மே, ஜூன் மாத வெப்பத்துக்கு ஏர்கூலர் வைத்துக்கொள்ளக் கூடுதல் மின்கட்டணம் வாங்கும் விடுதிகளும் உள்ளன.

ஐந்தாவது, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கல்வி நிறுவனங்களின் கட்டடங்களும் வளாகமும் அவர்கள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. தரைத்தளத்தில் அறை, சாய்தளம், கைப்பிடியுடன் கூடிய கழிப்பறை ஆகியவை தேவைப்படுவோர் அதை விண்ணப்பத்திலேயே எழுத்துபூர்வமாகக் குறிப்பிட வேண்டும். அறை ஒதுக்கிய பிறகு வாய்மொழியாகக் கேட்டால் காத்திருக்க நேரும்.

ராகிங்: விதிகள் சொல்வது என்ன?

2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கால் உயிரிழந்தது நாட்டை உலுக்கியது. அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, ராகிங் தடுப்பு ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. விடுதியைத் தேர்வு செய்யும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சில பிரிவுகள் அதில் உள்ளன.

இயன்றவரை முதலாமாண்டு மாணவர்களை மூத்தவர்களிடமிருந்து பிரித்துத் தனி விடுதிப் பகுதியில் தங்க வைக்க வேண்டும். அது இயலாத இடங்களில், மூத்த மாணவர்கள் அவர்களுடைய அறைகளுக்குச் செல்வதைக் காப்பாளரும் பாதுகாவலர்களும் கண்காணிக்க வேண்டும். வார்டன் எந்நேரமும் தொலைபேசியில் கிடைக்க வேண்டும். அவருடைய எண் விடுதி மாணவர்கள் அனைவருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். மாணவரும் பெற்றோரும் தனித்தனியே உறுதிமொழி அளிக்க வேண்டும். இந்த விதிகள் வளாகத்துக்கு வெளியே நடக்கும் ராகிங்குக்கும் பொருந்தும்.

விதி இருப்பதும் அது நடைமுறையில் இருப்பதும் ஒன்றல்ல. 2023 ஆகஸ்டில் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியின் மாடியிலிருந்து விழுந்து முதலாமாண்டு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். ராகிங் புகாரின் பேரில் கைதானவர்களில், படிப்பை முடித்த பின்னும் விடுதியில் தங்கியிருந்த முன்னாள் மாணவரும் இருந்தார். புதிய மாணவர்களைத் தனியே தங்க வைக்க வேண்டும் என்ற விதியின் பொருள் என்ன என்பதை அந்த மரணம் மீண்டும் உணர்த்தியது.

ஆகவே, பெற்றோர் நேரில் செல்லும்போது மூன்று கேள்விகளைக் கேட்பது பயன் தரும். முதலாமாண்டு மாணவர்கள் தனிப் பகுதியில் தங்குகிறார்களா? வார்டன் வளாகத்திலேயே வசிக்கிறாரா? படிப்பை முடித்தவர்கள் யாரேனும் விடுதியில் தொடர்ந்து தங்குகிறார்களா? விடை தயங்கித் தயங்கி வந்தால் எச்சரிக்கை தேவை. தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. இது 24 மணி நேரமும் இயங்கும் கட்டணமில்லா எண். மாணவரின் கைபேசியில் முதல் நாளே அதைப் பதிவு செய்துவிட வேண்டும்.

மாணவியர் விடுதி: பாதுகாப்பும் கட்டுப்பாடும்

மகளிர் விடுதிகளில் மாலை குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு பெற்றோருக்கு நிம்மதி தருகிறது. அதே கட்டுப்பாடு, இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும் நூலகத்தையோ ஆய்வகத்தையோ மாணவி பயன்படுத்த முடியாமல் செய்துவிடுவதும் உண்டு. ஆண்கள் விடுதிக்கு இல்லாத நேரக் கட்டுப்பாடு பெண்கள் விடுதிக்கு மட்டும் ஏன் என்று கேட்டு, 2015-இல் டெல்லி மாணவியர் 'பிஞ்ஜ்ரா தோட்' என்ற இயக்கத்தைத் தொடங்கினர். 'கூண்டை உடை' என்பது அதன் பொருள்.

உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான யுஜிசி விதிமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான கட்டுப்பாடுகளை மாணவியர் விடுதிகளில் விதிக்கக் கூடாது என்று கூறுகின்றன. அந்த விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும்.

வாயிற்கதவு எத்தனை மணிக்கு மூடப்படுகிறது என்பதுடன், தாமதமாக வரும் மாணவி என்ன செய்ய வேண்டும் என்பதையும் பெற்றோர் கேட்க வேண்டும். ரயில் தாமதமாகி நள்ளிரவில் வந்து சேரும் மாணவியை உள்ளே அனுமதித்து விவரத்தைப் பதிவு செய்யும் விடுதியே பாதுகாப்பான விடுதி. கதவைத் திறக்க மறுத்து அவரைத் தெருவில் நிறுத்தும் விடுதி, எத்தனை கண்காணிப்புக் கேமராக்கள் வைத்திருந்தாலும் பாதுகாப்பானது ஆகாது.

வளாகத்தில் இடம் கிடைக்காவிட்டால்?

டெல்லியின் வடக்கு வளாகத்தைச் சுற்றியுள்ள கமலா நகர், விஜய் நகர், முகர்ஜி நகர், தெற்கு வளாகத்தை ஒட்டிய சத்ய நிகேதன் ஆகிய பகுதிகளில் 'பி.ஜி.' எனப்படும் தனியார் தங்குமிடங்கள் தெருவுக்குத் தெரு உள்ளன. அறைகளின் அழகைப் பார்க்கும் முன் படிக்கட்டைப் பார்க்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு முகர்ஜி நகரில் பயிற்சி மையம் ஒன்றில் தீப்பிடித்தபோது மாணவர்கள் ஜன்னல் வழியாகக் கயிற்றைப் பிடித்து இறங்கித் தப்பினர். சில மாதங்களில் அதே பகுதியில் மகளிர் பி.ஜி. ஒன்றிலும் தீ விபத்து ஏற்பட்டது. 2024 ஜூலையில் பழைய ராஜிந்தர் நகரில் பயிற்சி மையத்தின் அடித்தள நூலகத்தில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். வெளியேற இரண்டாவது வழி உண்டா, மின் மீட்டர்கள் படிக்கட்டின் கீழே குவிந்திருக்கின்றனவா, ஜன்னல்களில் திறக்க முடியாத கம்பிகள் உள்ளனவா என்று பார்க்க ஐந்து நிமிடமே ஆகும். அடித்தள அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்ப்பது நன்று.

அடுத்தது செலவு. எடுத்துக்காட்டாக, ஒரு பி.ஜி.யில் உணவுடன் மாத வாடகை 9,000 ரூபாய் எனக் கொள்வோம். தனி மீட்டர் மின்கட்டணம் 1,000, கல்லூரிக்குச் சென்றுவர 1,200, உணவு வழங்கப்படாத வேளைகளுக்கு 800 எனச் சேர்த்தால் உண்மையான மாதச் செலவு 12,000 ரூபாய் ஆகிறது. 11 மாதங்களுக்கு 1,32,000 ரூபாய். வாடகையை மட்டும் பெருக்கிப் பார்த்தவர் எதிர்பார்த்ததைவிட இது 33,000 ரூபாய் அதிகம். இரண்டு மாத முன்பணம் கேட்டால் முதல் நாளிலேயே 27,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும்.

வாடகையுடன் ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்டால் ஒரு விவரத்தை நினைவில் கொள்ளலாம். 2024 ஜூன் 22 அன்று நடைபெற்ற ஜிஎஸ்டி மன்றத்தின் 53-ஆவது கூட்டத்தின் பரிந்துரைப்படி, நபர் ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான தங்குமிடச் சேவைக்கு, தொடர்ந்து குறைந்தது 90 நாட்கள் தங்கினால், வரிவிலக்கு உண்டு. வளாகத்துக்கு வெளியே உள்ள விடுதிகளுக்கும் இது பொருந்தும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இடையில் காலி செய்தால் முன்பணம் திரும்புமா, எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்ற இரு வரிகளையாவது படித்துவிட வேண்டும். அசல் சான்றிதழ்களை எந்த விடுதி உரிமையாளரிடமும் ஒப்படைக்கக் கூடாது. கல்லூரிகளே சரிபார்த்த பின் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2018-இல் வெளியான யுஜிசி அறிவிக்கையின் நிலைப்பாடு. காப்புத்தொகையை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே அறிவிக்கை கல்லூரிகளுக்குக் கூறுகிறது.

கடனும் உதவித்தொகையும்

கல்விக் கடனில் கல்லூரிக் கட்டணத்துடன் விடுதிக் கட்டணத்தையும் சேர்த்துக் கோரலாம். வெளியில் தங்க வேண்டிய நிலையில், நியாயமான தங்குமிட, உணவுச் செலவையும் வங்கிகள் கருத்தில் கொள்ள இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் இடமளிக்கிறது. விண்ணப்பிக்கும்போது விட்டுவிட்டால் பின்னர் சேர்ப்பது எளிதன்று.

பட்டியலின மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் விடுதி மாணவருக்கும் வீட்டிலிருந்து வருபவருக்கும் தொகை வேறுபடும். தொழிற்படிப்புகள் அடங்கிய முதல் பிரிவில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாயும் மற்றவருக்கு 7,000 ரூபாயும் கல்விப்படியாக வழங்கப்படுகிறது. விண்ணப்பத்தில் விடுதி மாணவர் என்று சரியாகக் குறிப்பிடாததால் பாதித் தொகையை இழந்துவிடக் கூடாது.

காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள்

முதல் ஒதுக்கீட்டுப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த கலந்தாய்வுச் சுற்றுகளில் மாணவர்கள் வேறு கல்லூரிகளுக்கு இடம் மாறும்போது அவர்களுடைய விடுதி இடங்களும் காலியாகின்றன. எனவே, காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் மாணவர், பி.ஜி.யில் ஓராண்டு ஒப்பந்தத்துக்குப் பதிலாக மாத அடிப்படையிலான ஏற்பாட்டைத் தேடுவது நல்லது. வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், வளாகத்தில் இடம் கிடைத்தவுடன் முன்பணத்தை இழக்காமல் வெளியேறலாம். விடுதி அலுவலகத்தில் வாரம் ஒருமுறை நிலையைக் கேட்டு, கேட்ட தேதியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வளாக விடுதியும் அழகான தனியார் விடுதியும் ஒரே வேளையில் கிடைத்தால், முதலாமாண்டில் வளாக விடுதியையே தேர்வு செய்வது பொருத்தமாக இருக்கும். அறை சிறிதாக இருக்கலாம். குளியலறைக்கு வரிசையில் நிற்க நேரலாம். ஆனால், அங்கு நடப்பதற்குக் கல்வி நிறுவனம் பொறுப்பாகிறது. புகாரைப் பெற்றுக்கொள்ள அலுவலகம் இருக்கிறது. விதிகள் எழுத்தில் உள்ளன. நகரும் மொழியும் பழகி நண்பர்கள் சேர்ந்த பின், இரண்டாம் ஆண்டில் வெளியே அறை எடுப்பது எளிது. முதல் ஆண்டில் வெளியே சென்றவர் மீண்டும் வளாகத்துக்குள் இடம் பெறுவது பல நிறுவனங்களில் கடினம்.

சேர்க்கைக் கட்டணத்தைச் செலுத்தும் முன்பே விடுதி விண்ணப்பத்தின் கடைசி நாள், ஒதுக்கீட்டு முறை, வார்டனின் தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளும் குடும்பம், பிள்ளையை ரயிலேற்றும் நாளில் பதற்றமின்றி இருக்க முடியும்.